இடப்பக்கம் மட்டும்

ஸ்பிரிட் வாசனை வந்தால் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு என் வீட்டுக்காரருடைய தலைதான் ஞாபகம் வரும். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பஞ்சை நனைத்துக் கையில் தேய்த்தால் போதும், நான் அந்தப் பழைய வாடகை வீட்டு ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றுவிடுவேன். முன்னால் முக்காலியில் அவர் குனிந்து உட்கார்ந்திருப்பார். என் கையில் மருந்துச் சொட்டுக்குழாய் இருக்கும். இப்போது அந்தத் தலையில் மருந்து போட ஒன்றும் மிச்சமில்லை, மழமழவென்று இருக்கிறது. ஆனால் அந்தச் சாயங்காலங்களை யாராவது திருப்பித் தருவதாகச் சொன்னால், இன்றைக்கே முக்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன்.

அவர் பெயின்ட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். புதிதாக எந்தப் பெயின்ட் வந்தாலும் அதைத் தகடுகளில் பூசி, கம்பெனி மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் சாய்த்து வைப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் பாதியைப் பட்டை ஒட்டி மூடிவிடுவார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து பட்டையை உரித்தால், மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எவ்வளவு வெளுத்தது, எங்கே வெடித்தது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். பார்ப்பதும் காத்திருப்பதும்தான் வேலை. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத உத்தியோகம், அவருக்கென்றே செய்து வைத்த மாதிரி.

நானோ ரயில் நிலையத்து விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள். எந்த நடைமேடை, எத்தனை மணி நேரம் தாமதம், கழிப்பறை எங்கே, என் பெட்டியைப் பார்த்தீர்களா என்று நாள் முழுக்க ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லித் தொண்டை வற்றி வீட்டுக்கு வருவேன். வீட்டில் ஒருத்தர் "ம்" என்பார். சாப்பாடு எப்படி என்றால் "ம்". கோபமா என்றால் அதற்கும் ஒரு "ம்". எந்த "ம்" ஆமாம், எந்த "ம்" இல்லை என்று பிரித்துப் பார்ப்பதிலேயே கல்யாணமான முதல் வருஷம் போய்விட்டது.

ஒருநாள் தாங்காமல் அம்மாவிடம் போய் அழுதேன்.

"குடிக்கிறாரா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல."

"கை நீட்டுறாரா?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்புறம் என்னடி உனக்குக் குறை?"

இதை எப்படிச் சொல்வது? நல்ல மனிதர்தான். நான் வேலை விட்டு வரும்போது சோறு வடித்து வைத்திருப்பார். காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது.

இந்த நிலையில்தான் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் தலையணையில் பார்த்தேன், பிறகு குளியலறைச் சல்லடையில். நெற்றியின் இரண்டு ஓரமும் பின்வாங்கின, உச்சியில் தோல் தெரிந்தது. அவருடைய அண்ணனுக்கு அப்போதே முழு வழுக்கை. "இது நம்ம குடும்பத்து முத்திரைடா, தடவிப் பார்த்துச் சந்தோஷப்படு" என்று அண்ணன் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நிற்பதை நிறுத்தினார். அலுவலக அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுக்கச் சொன்னபோது பழைய படத்தையே கொடுத்துவிட்டு வந்தார். கல்யாண வீடுகளில் குரூப் படம் என்று கூப்பிட்டால் ஆளே காணாமல் போய்விடுவார்.

என் மாமியார் வெங்காயச் சாற்றைச் சொன்னார். இவரும் ஒரு வாரம் தேய்த்தார், பாவம். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை என்பதைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. அதற்கு மேல் நானே பிடிவாதமாகத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் அம்மா பட்பட்டென்று பேசுகிறவர். லென்ஸ் வைத்துத் தலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரம்பரைதான். பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா தள்ளிப் போடாதீங்க. மாத்திரை ஒண்ணு இருக்கு, அது கொட்டுறதைத் தடுக்கும். லோஷன் ஒண்ணு இருக்கு, அது இருக்கிற முடியைத் தடிக்க வைக்கும். ரெண்டும் வேற வேற வேலை செய்யுது. சேர்த்து ஆரம்பிச்சா நல்லது. ஆறு மாசம், ஒரு வருஷம் பொறுக்கணும்."

என் வீட்டுக்காரர் யோசித்தார். பிறகு ஆச்சரியமாக வாயைத் திறந்தார். "ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சா, எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"முடி இருந்தா போதாதா சார்? எதனாலன்னு தெரியணுமா?"

"தெரியணும்" என்றார்.

இப்படி ஒரு தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது, ஒரு பெயின்ட் சோதனைக்காரர்தான் செய்ய முடியும். மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். லோஷனை மட்டும் எடுத்தார், அதையும் தலையின் இடப்பக்கத்துக்கு மட்டும். நடுவில் நேர்வகிடு. வலப்பக்கம் சும்மா இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. "ஒரு பக்கத்தைத் தொடாம வச்சாத்தான் உண்மை தெரியும்" என்றார். தன் தலையைத் தகடாக்கிவிட்டார் மனுஷன்.

ஆனால் உச்சந்தலையில் வகிட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டுகூடத் தாண்டாமல் மருந்து போடத் தனக்குத்தானே முடியாது. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

முதல் சில நாள் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. வகிடு எடுப்பேன், சொட்டு விடுவேன், விரல் நுனியால் தேய்ப்பேன், காயும் வரை விசிறுவேன். லோஷனில் கலந்த ஸ்பிரிட் நெடி ஹால் முழுக்க அடிக்கும். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தரையைப் பார்த்தபடியே திடீரென்று சொன்னார்: "இன்னைக்கு மாடியில ஒரு காக்கா வந்து தகட்டுப் பட்டையை உரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கூடு கட்ட."

நான் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயம். "அப்புறம்?" என்றேன்.

"அந்தக் காக்காவுக்கு ஒரு மெமோ குடுக்கலாமான்னு பிரைமர் கேட்டார்."

"பிரைமரா? அது யாரு?"

"எங்க மேனேஜர். பெயின்ட்டுக்கு முன்னால பூசுற பிரைமர் மாதிரி, எந்த வேலையானாலும் முதல் ஆளா வந்து பரவி நிப்பார். வேலை முடிஞ்சப்புறம் பார்த்தா அவர் இருந்த இடமே தெரியாது. அதான் அந்தப் பேரு."

நான் சிரித்த சிரிப்பில் சொட்டு வகிட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்துவிட்டது. "ஐயையோ, துடை துடை, சோதனை கெட்டுடும்" என்று பதறினார். துடைத்துக்கொண்டே இன்னும் சிரித்தேன். எங்கள் வீட்டில் வேடிக்கையாகப் பேசத் தெரிந்த மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு தினமும் பேசினார். எனக்குக் காரணம் புரிய நாளாயிற்று. எதிரே ஒருவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு வார்த்தை வராது. எனக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து, கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்தால் வரும். முக்காலியில் உட்காரும்வரை "ம்", எழுந்த பிறகும் "ம்". நடுவில் உள்ள அந்த அரை மணி நேரம் மட்டும் வேறு ஆள். என் விரலுக்குக் கீழே அவர் மண்டை சூடாக இருக்கும். அவர் பேசும்போது தாடை அசைவது உச்சி வரைக்கும் என் விரலில் தெரியும். நாள் முழுக்க அந்நியர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்த நான், அந்த அரை மணி நேரத்துக்காகச் சாயங்கால ரயிலை ஓடிப் பிடித்து வருவேன்.

அப்படி ஒரு நாள்தான் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் இளவயதிலேயே வழுக்கையாம். ஒருநாள் மழைக்குக் குடை கொண்டு இவர் படித்த பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றிருக்கிறார். கூட இருந்த பையன்கள் அந்தத் தலையைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

"நான் அவரை யாருன்னே தெரியாத மாதிரி இன்னொரு கேட் வழியா போயிட்டேன்" என்றார். "நனைஞ்சுகிட்டே வீட்டுக்குப் போனேன். நான் போனதை அவர் பார்த்துட்டார். வீட்டுக்கு வந்து குடையை மடக்கி வச்சார். ஒரு வார்த்தை கேக்கல. சாகிற வரைக்கும் கேக்கல."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கண் மறைத்தது.

"இப்ப கண்ணாடி முன்னால நின்னா அவர் வந்து நிக்கிறார். அதான் பார்க்கிறதில்ல."

இத்தனை நாளாக நான் இதை ஆண்பிள்ளை அலங்கார ஆசை என்று நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு செய்யவில்லை.

ஆரம்பத்தில் லோஷன் போட்ட பக்கம் இன்னும் அதிகமாகக் கொட்டியது. "மொதல்ல அப்படித்தான் கொட்டும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்று எனக்கு அவரே தைரியம் சொன்னார். பிறகு கொட்டுவது நின்றது. மாதாமாதம் அதே முக்காலி, அதே விளக்கு, அதே உயரத்தில் நின்று உச்சந்தலையை நான் படம் எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இடப்பக்கம் நிஜமாகவே தடித்திருந்தது. வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. என் தம்பி வீட்டுக்கு வந்தவன் பார்த்துவிட்டு, "என்ன மாமா, அரை டிக்கெட்டா?" என்று கேட்டான். அந்தப் பெயர் எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் பல வருஷம் நிலைத்துவிட்டது.

"சோதனைதான் ஜெயிச்சாச்சே, வலப்பக்கமும் போடலாம்ல?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் முழுசா முடியட்டும்" என்றார்.

வருஷம் முடிந்து மாத்திரையை எடுக்கலாம் என்று இருந்தபோது நான் கர்ப்பமானேன். அந்த மாத்திரை உடைந்திருந்தால் கர்ப்பிணி தொடவே கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். உடையாத மாத்திரையால் ஒன்றும் ஆகாது, தனியாக வைத்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. அட்டையோடு எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினார். "அது இந்த வீட்டுக்குள்ளயே வேணாம்" என்றார். மகள் பிறந்து, நான் பால் நிறுத்திய பிறகுதான் மறுபடி டாக்டரிடம் போனோம். அதுவரை மாத்திரையும் இல்லை, லோஷனும் பழையபடி இடப்பக்கம் மட்டும்தான்.

டாக்டர் அம்மா தகடு, சோதனை என்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு பக்கத்தையும் லென்ஸில் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தார்.

"ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கத்தைச் சும்மா விட்டீங்களே, அந்தப் பக்கத்து வேர் நிறைய போயிடுச்சு. இனி அது திரும்ப வராது. தகடுன்னா இன்னொண்ணு எடுத்துப் பூசலாம் சார். தலை ஒண்ணுதானே இருக்கு?"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு டாக்டர் மேல் கோபம் வந்தது, அவர் சொன்னது நிஜம் என்றாலும்.

அப்போதிலிருந்து எல்லாமே சேர்ந்து வந்தது. காலையில் மாத்திரை, சாயங்காலம் லோஷன், இரண்டு பக்கமும். வாரம் ஒருநாள் சின்னச் சின்ன ஊசி பதித்த உருளையைத் தலையில் உருட்ட வேண்டும், அன்றைக்கு மட்டும் லோஷன் கிடையாது. உருளை நாளில் "இது ரோடு போடுற மாதிரியே இருக்கு" என்பார். சோதனை போய்விட்டது, ஆனால் நான் தேய்ப்பது போகவில்லை. இனிமேல் அவரே தேய்த்துக்கொள்ளலாம், வகிடு தாண்டினாலும் பரவாயில்லை. அதை அவரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை தேய்ப்பாள். அவர் பேசுவார். முடி ஏதோ ஒரு மாதிரி நின்றது. அந்த வருஷங்கள்தான் என் குடும்ப வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் என்று இப்போது தோன்றுகிறது.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சமயம், ஒருநாள் அவர் கம்பெனியிலிருந்து வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு நல்ல முடி வந்திருக்கிறதாம். லோஷன் மருந்தையே இப்போது சின்ன மாத்திரையாகக் கொடுக்கிறார்களாம். தலையில் தேய்க்கவே வேண்டாமாம்.

"தண்ணியில முழுங்கிட்டா முடிஞ்சுது. உனக்கும் வேலை மிச்சம்" என்றார்.

வேலை மிச்சம். எனக்குள் என்னவோ இடிந்து விழுந்தது. தேய்ப்பது போனால் முக்காலி போகும், முக்காலி போனால் பேச்சு போகும். மறுபடி "ம்". மறுபடி சுவர். இதை நான் எப்படிச் சொல்வேன்? என்னோடு பேசுவதற்காக உங்கள் முடியை விட்டுவிடுங்கள் என்றா? அந்தக் குடையின் கதையைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வது? அதுவும் மகள் பள்ளிக்கூடம் போகிற இந்தச் சமயத்தில். அவர் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டியவர்.

அதனால் வேறு எதற்கெல்லாமோ சண்டை போட்டேன். குழாய் சொட்டுகிறது என்றேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்குக் குதித்தேன். அன்று சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஏன் அழுத்தித் தேய்க்கிற?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். அவருடைய வியாதி எனக்கு வந்துவிட்டது.

டாக்டரிடம் போன அன்று நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். காத்திருக்கும் இடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகளுடைய நோட்டுக்கு அட்டை போட வேண்டும், கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும் என்று தேவையில்லாததை எல்லாம் பேசினேன். இதுதான் கடைசி என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

டாக்டர் அம்மாவுக்கு நரை ஏறியிருந்தது, பேச்சு மட்டும் மாறவில்லை. நான் எடுத்த படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். லென்ஸில் தலையைப் பார்த்தார்.

"மாத்திரை தன்னோட வேலையைச் செய்யுது. லோஷனுக்கு உங்க தலை ரொம்ப நாளா அசையல. அதையே உள்ளுக்குச் சாப்பிடுற மாத்திரையா மாத்திக்கலாம், கொஞ்சம் நல்ல வாய்ப்பு இருக்கு. ரத்த அழுத்தம் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம். லோஷனையும் அந்த மாத்திரையையும் சேர்த்து வேண்டாம், ரெண்டும் ஒரே மருந்துதான். எது வேணும்னு சொல்லுங்க."

நான் என் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லோஷனே இருக்கட்டும் டாக்டர்" என்றார் அவர்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா? லோஷன் வேலை செய்யல."

"தெரியும். படத்தைப் பார்த்தாலே தெரியுதே. அது நின்னு வருஷக்கணக்காச்சு."

"தெரிஞ்சேதான் இத்தனை நாளா போட்டீங்களா? அதுவும் நீங்க?"

வேலை செய்யாத பெயின்ட் தகட்டை ஒருநாள்கூட மாடியில் விட்டுவைக்காத மனிதர் அவர். தலையைக் குனிந்துகொண்டார். முக்காலியில் எப்படிக் குனிவாரோ அப்படியே, கையை முழங்காலில் வைத்து. எனக்கு அவருடைய உச்சந்தலை தெரிந்தது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் அதைவிடக் கொஞ்சம்.

"நான் அதிகம் பேசற ஆளில்ல டாக்டர்" என்றார் தரையைப் பார்த்து. "இவ மருந்து தேய்க்கும்போது மட்டும் எப்படியோ பேச்சு வருது. மாத்திரைன்னா இவளுக்கு வேலை மிச்சம்னு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா தேய்க்கிறதை நிறுத்திட்டா, நான் இவகிட்ட எப்போ பேசறது?"

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அப்புறம் பேனாவை எடுத்துப் பழைய மருந்தையே எழுத ஆரம்பித்தார்.

"ரெண்டு பாட்டில் எழுதட்டுமா?" என்று கேட்டார்.

"நாலா எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.